வலிக்காத காதுக்கு மருந்து

விடிந்தும் விடியாமலும் மைதானம் முழுக்க பலூன்களுக்குச் சூடேற்றும் பர்னர்கள் உறுமத் தொடங்கிவிட்டன. கூடாரத்தின் துணிச்சுவர் ஒவ்வொரு உறுமலுக்கும் ஆரஞ்சு நிறமாகி, மறுபடி சாம்பலானது. மூத்தவள் கண்ணைத் திறந்தபடியே படுத்திருந்தாள். பக்கத்தில் கணவன் அசையாமல் தூங்கினான். லிஃப்ட் மெக்கானிக். மோட்டார் அறையில் வேலை பார்த்தே பழகிய காது. இடி விழுந்தாலும் புரண்டு படுப்பான்.

அவளுக்குத்தான் தூக்கம் போய்விட்டது. முந்தின நாள் சாயங்காலம் ஒரு ஊக்குக்காகத் தங்கையின் பையைத் திறந்ததிலிருந்து இப்படித்தான்.

பையில் இருந்தது ஒரு மாத்திரை அட்டை. வேறு யாராவது பார்த்திருந்தால் சத்து மாத்திரை என்று ஒதுக்கியிருப்பார்கள். அவளோ மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். அதே மாத்திரையை மூன்று முறை கர்ப்பமாக இருந்தபோது தானே விழுங்கியவள். மூன்று முறையும் நான்காம் மாதம் வரவே இல்லை.

உடனே கூடாரங்களுக்குப் பின்னால் போய் அம்மாவுக்குப் போன் போட்டாள். அம்மா பதறவில்லை. பெருமூச்சு விட்டு, உனக்கு யார் சொன்னது என்று கேட்டாள். அந்த ஒரு கேள்வியில் எல்லாம் வெட்டவெளிச்சமாகிவிட்டது. அம்மாவுக்குத் தெரியும். தங்கைக்கும் தங்கை புருஷனுக்கும் தெரியாமல் இருக்குமா? அதெல்லாம் போகட்டும், தன் சொந்தப் புருஷனுக்கும் தெரியும் என்று அம்மா வாயிலிருந்தே வந்தது. உன் மனசு கஷ்டப்படும் என்றுதான், மூன்று மாதம் தாண்டட்டும் என்றுதான், என்று அம்மா இழுத்துக்கொண்டே போனாள். மூத்தவள் பாதியில் போனை வைத்தாள்.

ஊருக்கெல்லாம் தெரிந்த சேதி. அவளுக்கு மட்டும் சீல் பிரிக்காத புட்டி.

அவள் அழவில்லை. நேராக நுழைவாயிலுக்குப் போய், டிக்கெட் கூண்டின் முன்னால் வரிசையில் நின்றாள்.

பலூன் திருவிழாவுக்கு அவர்கள் வந்ததே தங்கை புருஷனின் தயவில். அவன் போட்டோகிராஃபர். விழா நடத்துகிறவர்கள் படமெடுக்க அவனை அமர்த்தி, குடும்பத்தோடு தங்க இடமும் கொடுத்திருந்தார்கள். இரண்டு கூடாரம், ஒரு மடக்கு மேஜை, ஒரு கேஸ் அடுப்பு, நாலு பேர். சகலபாடிகள் இருவரும் அண்ணன் தம்பி மாதிரி. அக்கா தங்கையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் என்று எல்லோரும் சொல்வார்கள்.

மூத்தவள் எழுந்து வெளியே வந்தாள். புல்லெல்லாம் ஈரம். எதிரே ராட்சதப் பைகள் ஒவ்வொன்றாக வயிறு புடைத்து நிமிர்ந்துகொண்டிருந்தன. இளையவள் போர்வையைப் போர்த்திக்கொண்டு நின்று அண்ணாந்து பார்த்தாள். நீச்சல் கற்றுக்கொடுக்கும் வேலை அவளுக்கு. அகன்ற தோள், வெயிலில் கறுத்த முகம். அக்காவைப் பார்த்ததும் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ஒரு குறையும் இல்லை. அதைத்தான் மூத்தவளால் தாங்க முடியவில்லை. உண்மையை மறைத்துக்கொண்டு இத்தனை நன்றாகச் சிரிக்க முடியுமா?

டீ போட்டாள். ரொட்டி சுட்டாள். நாலு பேரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்த பிறகு, டிக்கெட்டுகளை எடுத்து ஜாம் புட்டியின் அடியில் வைத்தாள்.

"சாயங்காலப் பலூன். நாலு பேருக்கும் எடுத்திருக்கேன். உனக்காகத்தான்டி. உயரம்னா உனக்கு உயிராச்சே."

மூன்று பேரும் ஒரே சமயத்தில் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார்கள். ஆறாத புண்ணைச் சொறிந்தால் வருமே ஒரு சுகம், அது அவளுக்குள் பரவியது.

முதலில் வாயைத் திறந்தவன் போட்டோகிராஃபர். சாயங்காலம்தான் தனக்கு வேலை அதிகம் என்றான். விழாக்காரர்களிடம் நானே பேசிவிட்டேன் தம்பி, கூடையிலிருந்து எடுத்த படம் கிடைத்தால் நல்லதுதான் என்றார்கள் என்று மூத்தவள் பதில் வைத்திருந்தாள். வருஷம் பூராவும் லிஃப்டில் மேலேயும் கீழேயும் போய் வருகிறவன் நான், லீவிலுமா என்று மெக்கானிக் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றுபோனது. தன்னோடு யாரும் சேர்ந்து சிரிக்கவில்லை என்று அவன் தாமதமாகத்தான் கவனித்தான்.

இளையவள் டிக்கெட்டைக் கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சரிக்கா. போலாம்," என்றாள்.

அன்று பகல் முழுவதும் மூத்தவள் எலியோடு விளையாடும் பூனையாக இருந்தாள்.

தண்ணீர் கேனைத் தூக்கப் போட்டோகிராஃபர் ஓடினால், நீங்கள் ஏன் தம்பி, நாலு பேரைத் தண்ணீருக்குள்ளிருந்து இழுத்துப் போடுகிறவள் அவள், அவளே தூக்குவாள் என்பாள். அவனோ தூக்கித்தான் தீருவேன் என்று நிற்பான். ஸ்ட்ராங்காக இன்னொரு டீ போட்டு நீட்டுவாள். இளையவள் ஒரு வாய் குடித்துவிட்டு, யாரும் பார்க்காதபோது மீதியைப் புல்லில் ஊற்றுவாள். மூத்தவள் பார்ப்பாள். பார்த்தும் பார்க்காத மாதிரி டம்ளரை வாங்கிக் கழுவுவாள்.

மைதானத்தை ஒட்டி ஒரு ஏரி இருந்தது. வெயில் ஏறியதும் முகாமில் பாதிப் பேர் அதில் இறங்கிவிட்டார்கள். மூத்தவள் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு தங்கையைக் கூப்பிட்டாள்.

தனக்குக் காது வலி என்று இளையவள் சொன்னாள். ஆமாம், ஒரு வாரமாகவே என்று போட்டோகிராஃபர் சேர்ந்துகொண்டான். டாக்டர்கூடத் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்றான் மெக்கானிக். அவன் அதோடு நிறுத்தியிருக்கலாம். இடது காது என்று வேறு சொல்லி வைத்தான். அதே நேரத்தில் இளையவளின் கை வலது காதைத் தொட்டது.

மூன்று பேரும் சேர்ந்து முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதை மூத்தவள் அமைதியாகப் பார்த்தாள். பிறகு துண்டைக் கீழே வைத்துவிட்டு, தன் மருந்துப் பெட்டியை எடுத்து வந்தாள்.

"படு," என்றாள், மடியைத் தட்டி.

"வேணாம்க்கா. தானா சரியாயிடும்."

"காதை அப்படியெல்லாம் விடக் கூடாது. படுடி."

இளையவள் படுத்தாள். சின்ன வயதில் பேன் பார்க்கவும் சடை பின்னவும் இதே மடியில்தான் படுப்பாள். ஏரியில் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. மூத்தவள் தங்கையின் முடியை விரலால் ஒதுக்கினாள். காதுமடலை மெதுவாக மேலே இழுத்துப் பிடித்து, சொட்டுமருந்தை விட்டாள். அழுக்கை இளக்கும் மருந்து. கெடுதல் ஒன்றும் கிடையாது, நன்மையும் கிடையாது. சொட்டு உள்ளே இறங்கும்போது இளையவளின் தோள் குலுங்கியது.

"வலிக்குதா?"

"இல்லக்கா."

"வலிக்கும். கொஞ்ச நேரம் அப்படியே இரு."

அப்படியே வைத்திருந்தாள். தலையைத் தூக்க முடியாதபடி நெற்றியில் உள்ளங்கையை வைத்து அழுத்தியிருந்தாள். தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அக்கா தங்கைப் பாசம் என்றுதான் தெரிந்திருக்கும். கீழேயிருந்து இளையவளின் ஒரு கண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு அந்தக் கண்ணும் மூடிக்கொண்டது.

மத்தியானம் அவர்கள் வந்த வேனுக்குப் பின்னால் மூன்று பேரும் கூடிக் குசுகுசுத்தார்கள். மூத்தவள் கிட்டே போனதும், டயரில் காற்று குறைந்திருப்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து மெக்கானிக் தனியாக வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாமே என்றான்.

அவள் அவன் முகத்தை நன்றாகப் பார்த்தாள். உள்ளுக்குள் ஏதோ ஒன்று, இப்போதாவது இவன் சொல்லிவிட மாட்டானா என்று ஏங்கியது. சொல்லிவிட்டால் அழுதுவிட்டு எல்லாவற்றையும் விட்டுவிடலாம் என்றுகூடத் தோன்றியது.

"ஏன்னு சொல்லுங்க. உடனே குடுத்துடறேன்."

அவன் வானத்தை அண்ணாந்து பார்த்தான்.

"காத்து அதிகமா இருக்கும்போல," என்றான்.

மைதானத்தில் ஒரு கொடிகூட அசையவில்லை.

வெயில் தாழ்ந்ததும் நாலு பேரும் வரிசையில் நின்றார்கள். அவர்களுக்கு ஒதுக்கிய பலூன் நீலமும் மஞ்சளுமாக முக்கால்வாசி நிமிர்ந்திருந்தது. நாலு ஆட்கள் கூடையை அமுக்கிப் பிடித்திருந்தார்கள். கூடையில் அவர்களோடு ஏற வேண்டிய இளம் ஜோடி ஒன்று ஏற்கெனவே செல்ஃபி எடுக்க ஆரம்பித்துவிட்டது.

பைலட் நரைத்த மீசைக்காரர். இறங்கும்போது எப்படி நிற்க வேண்டும் என்று எல்லோருக்கும் விளக்கினார். முழங்காலை மடக்கி, முதுகைக் கூடையில் சாய்த்து, கைப்பிடிக் கயிற்றை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். சில சமயம் கூடை தரையில் முட்டிச் சாயும். கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டும் போகும். பயப்படத் தேவையில்லை, உடம்பில் ஒரு குலுக்கல், அவ்வளவுதான் என்றார்.

அடுத்து, சீருடை போட்ட பெண் ஒருத்தி ஒவ்வொருவரிடமும் வந்து கேட்டாள். இதய நோய் உண்டா, சமீபத்தில் ஆபரேஷன் ஏதாவது நடந்ததா, பெண்களாக இருந்தால் கர்ப்பமா? மூத்தவள் எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள். கடைசிக் கேள்விக்கு இல்லை என்றபோது குரல் கொஞ்சம் உரக்கவே வந்தது.

பெண் இளையவளிடம் வந்தாள்.

போட்டோகிராஃபர் கேமராவை இறக்கினான். மெக்கானிக் தன் செருப்பைப் பார்த்தான். மூத்தவள் தங்கையின் வாயையே பார்த்தாள். இதோ, இப்போது. வாயைத் திறந்து, வரிசையில் நிற்கிற அத்தனை பேர் முன்னாலும் சொல்லட்டும்.

"இல்ல," என்றாள் இளையவள்.

மூன்று கேள்விக்கும் அதே பதில். பெண் அடுத்த ஆளுக்குப் போய்விட்டாள்.

விளையாட்டு இத்தனை தூரம் வரும் என்று மூத்தவள் நினைத்திருக்கவில்லை. கூடை சாயும் என்று காதால் கேட்ட பிறகுமா? ஒரு வார்த்தை சொன்னால் போதும், நிறுத்திவிடலாம். நாக்கு நுனியில்தான் இருந்தது. அவளாகச் சொல்லட்டும் என்று பல்லைக் கடித்தாள்.

இளையவள் கூடைக்குப் போனாள். பக்கவாட்டில் ஏறுவதற்கென்று விட்டிருந்த துளையில் ஒரு காலை வைத்தாள். விளிம்பைப் பிடித்து எம்பினாள். அங்கிருந்து திரும்பி அக்காவைப் பார்த்தாள். மூத்தவள் அசையவில்லை.

ஓடியவன் மெக்கானிக். தாலி கட்டியவன் கேமராவும் கையுமாக மரம் மாதிரி நிற்க, இவன் பாய்ந்து போய் மச்சினியின் இரண்டு கைகளையும் பிடித்து இறக்கினான்.

"இறங்கும்மா. போதும். அவ மாசமா இருக்கா, ஏத்தாதீங்க," என்றான் பைலட்டிடம். அவன் குரல் உடைந்திருந்தது.

வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. சீருடைப் பெண் கோபமாக என்னவோ சொன்னாள். இளம் ஜோடி செல்ஃபியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தது.

"எனக்குத் தெரியும்," என்றாள் மூத்தவள்.

"உனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்," என்றாள் இளையவள். புல்லில் நின்று, கணுக்காலைக் கையால் தடவிக்கொண்டே நிதானமாகச் சொன்னாள். "காதுல மருந்து விட்டியே, அப்பவே தெரிஞ்சுபோச்சு. எங்க நிறுத்துவன்னு பாக்கத்தான் வந்தேன். நீ நிறுத்தல."

"நான் ஏன் நிறுத்தணும்? எங்கிட்ட யாராவது சொன்னீங்களா? உங்க எல்லாருக்கும் நான் என்ன தொத்து வியாதியா? என் கண்ணு பட்டா கலைஞ்சுடுமா?"

அப்படியில்லை அக்கா என்று போட்டோகிராஃபர் குறுக்கே வந்தான். மூத்தவள் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூன்று முறையும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்து விட்டத்தைப் பார்த்ததெல்லாம் அவள் கண்முன் வந்து நின்றது. வரிசையில் நிற்பவர்கள் காதில் விழும் என்று தெரிந்தேதான் சொன்னாள்.

"எனக்கு நடந்தது உனக்கும் நடக்கணும்டி. அன்னிக்கு உனக்குத் தெரியும்."

மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டான்.

இளையவள் அழவில்லை. அக்காவுக்கு அருகில் வந்தாள். பேச்சு அவர்கள் நாலு பேருக்கு மட்டும் கேட்கும்படி வந்து நின்றுகொண்டாள்.

"எனக்கு இப்ப குழந்தை வேணும்னு யார் அழுதா? இன்னும் ரெண்டு வருஷம் போட்டிக்குப் பசங்களைத் தயார் பண்ணணும்னு இருந்தேன். இது உனக்காக. பெத்து உன் கையில குடுக்கறதா பேசியிருந்தோம். மூணு மாசம் நிலைக்கட்டும், அப்புறம் சொல்லலாம், மறுபடியும் ஆசை காட்டி மோசம் பண்ண வேணாம்னுதான் வாயை மூடிக்கிட்டு இருந்தோம்."

மூத்தவளுக்கு வார்த்தைகள் காதில் விழுந்தன. அர்த்தம் பின்னால் வந்து சேர்ந்தது.

"இனிமே இல்ல," என்றாள் இளையவள். "இது எனக்குத்தான். உன் நிழல்கூட இது மேல படாது."

திரும்பி நடந்தாள். போட்டோகிராஃபர் மூத்தவளை ஒரு தரம் பார்த்தான். பிறகு மனைவி பின்னால் ஓடினான்.

இவர்கள் சண்டை தீரட்டும் என்று காற்று காத்திருக்காது என்று பைலட் சொன்னார். யார் யார் வருகிறீர்கள் என்று கேட்டார். மூத்தவள் விறுவிறுவென்று போய், யார் கையையும் பிடிக்காமல், கூடைக்குள் ஏறிக்கொண்டாள். ஏன் ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. அத்தனை கண்களுக்கு நடுவே கூடாரத்துக்குத் திரும்பி நடக்க முடியாது என்பது மட்டும் தெரிந்திருந்தது. மெக்கானிக் இரண்டு பக்கமும் பார்த்தான். பிறகு அவனும் ஏறினான்.

கயிற்றை விட்டார்கள். தரை மெதுவாக விலகியது.

தலைக்கு மேலே நெருப்பு சீறி அடங்கியதும் அவள் கேட்டாள்.

"நிஜமா?"

"நான்தான் கேட்டேன்," என்றான் அவன். "மூணாவது தடவைக்கு அப்புறம். அவ ஒரு வார்த்தை மறுத்துப் பேசல."

"எங்கிட்ட கேட்டீங்களா?"

"கேட்டா வேணாம்னு சொல்லியிருப்பே."

"ஆமா. வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்."

"தெரியும். அதான் கேக்கல."

அவன் தோள் அவள் தோளில் இடித்துக்கொண்டே இருந்தது. கூடையில் நகர்ந்து நிற்க இடமில்லை.

அன்று காற்று சோம்பேறித்தனமாக இருந்தது. பலூன் மைதானத்துக்கு மேலேயே தொங்கியது. கீழே கூடாரங்கள் எல்லாம் கவிழ்த்து வைத்த கிண்ணங்கள் மாதிரி தெரிந்தன. மூத்தவள் தங்கள் இரண்டையும் கண்டுபிடித்துவிட்டாள். ஒன்றின் வாசலில் வேன் நின்றது. இரண்டு உருவங்கள் உள்ளே போவதும் வருவதுமாக, பைகளை வேனில் எறிந்தன. கூடாரத்தைக்கூடப் பிரிக்கவில்லை.

மெக்கானிக் போனை எடுத்து சகலைக்கு அடித்தான். அடித்துக்கொண்டே இருந்தான். யாரும் எடுக்கவில்லை.

அதோ அந்த இடத்தில் இறக்கிவிட முடியுமா என்று மூத்தவள் பைலட்டைக் கேட்டாள். விரலால் காட்டவும் செய்தாள். பைலட் குழந்தையிடம் பேசுவது போலச் சிரித்தார்.

"நம்ம கையில ஏறறதும் இறங்கறதும்தான்மா இருக்கு. போற பக்கம் காத்தோடது."

வேன் கிளம்பியது. கூடாரங்களுக்கு நடுவே இருந்த மண்பாதையில் ஊர்ந்து, மைதானத்தின் வாசலை நெருங்கியது. அங்கே நின்றது. கதவு திறந்தது. இறங்கியவள் இளையவள்தான், அகன்ற தோளை வைத்து இத்தனை உயரத்திலும் தெரிந்தது. இரண்டடி நடந்தாள். வேனில் ஒரு கையை ஊன்றிக்கொண்டாள். பிறகு மெல்ல மடங்கி, தரையில் உட்கார்ந்தாள்.

மறுபக்கத்திலிருந்து போட்டோகிராஃபர் ஓடி வந்தான்.

அந்த நேரம் பார்த்துக் காற்றுக்கு உயிர் வந்தது. பலூன் நகர்ந்தது. வாசலுக்கும் கூடைக்கும் நடுவே மரங்கள் வந்தன. மூத்தவள் கூடையின் விளிம்பில் வயிறு அழுந்த எட்டிப் பார்த்தாள். கணவன் அவள் கையைப் பிடித்து இழுத்தான். என்ன, என்ன தெரிந்தது என்று கேட்டான். அவள் கையை உதறிக்கொண்டு இன்னும் எட்டினாள்.

"அக்கா," என்று பின்னாலிருந்து அந்த இளம் ஜோடியில் பெண் கூப்பிட்டாள். கீழே நடந்த சண்டையை அவர்கள் மறந்தே போயிருந்தார்கள். சூரியன் முகத்தில் அடித்துப் பளபளவென்று நின்றார்கள். "எங்க ரெண்டு பேரையும் ஒரு போட்டோ எடுக்கறீங்களா? பின்னாடி மைதானம் பூரா தெரியணும்."

மூத்தவள் போனை வாங்கினாள். அவர்கள் கன்னத்தோடு கன்னம் வைத்துச் சிரித்தார்கள். அவள் திரையை விரலால் பெரிதாக்கி, அவர்கள் தலைகளுக்கு நடுவே, மரங்களுக்கு அப்பால், அந்த வாசலைத் தேடினாள்.